முதல் ஆல்பத்துக்கு ஒரு கையெழுத்து

— என்னை அப்பான்னு கூப்பிடாதேம்மா. ஹச்சினோஹே துறைமுகத்துல எல்லாருக்கும் நான் தொகுஜிதான்.

— சரிங்க ஐயா. நான் மிஹாரு. உங்க ரியோஹெய்யோட குழுவுல பாடுறவ. ஜனவரியில டோக்கியோவுல, அவனைத் தகனம் பண்ணின இடத்துல பார்த்தோம்.

— ஞாபகம் இருக்கு. மெதுவா பேசு. உள்ளே என் வீட்டுக்காரி படுத்திருக்கா.

— கம்பெனிக்காரங்க அனுப்பின தாள் மூணு தடவை கையெழுத்து இல்லாமலே திரும்பி வந்துடுச்சு. அதான் நேர்ல வந்தேன். எங்க முதல் ஆல்பம், ஐயா. பத்துப் பாட்டு. அதுல ஏழு அவன் எழுதினது. பெத்தவங்க சம்மதம் இல்லாம வெளியிட முடியாதாம்.

— அப்ப வெளியிட வேண்டாம்.

— கடைசிப் பாட்டைப் பதிவு பண்ணிட்டு, விடிஞ்சதும் வண்டியை எடுத்துட்டுப் போனவன், ஐயா. பனியில சறுக்கி... ஆறு வருஷம் மூணு பேரும் இதுக்காகத்தான் கிடந்தோம். நான் அனுப்பின பாட்டை ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

— கேட்டாச்சு.

— எப்ப?

— நீ அனுப்பின மறுநாளே. கடல்ல கணவாய் மீன் பிடிக்கப் போன இடத்துல, படகு இன்ஜினை நிறுத்திட்டு, பத்துப் பாட்டையும் கேட்டேன். மூணாவது பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடி இருமுறான்.

— அதை அழிக்க எங்களுக்கு மனசு வரலை.

— நல்ல காரியம் பண்ணினே.

— பின்னே ஏன் ஐயா? படகுக்கு வராம கிடாரைத் தூக்கிட்டுப் போயிட்டான்னு உங்களுக்குக் கோபம்னு சொல்லுவான்.

— இருந்துச்சு. அதுவும் அவனோட எரிஞ்சு போச்சு.

— அந்த மாடத்துல பெரியவங்க படமெல்லாம் இருக்கு. அவன் படம் மட்டும் ஏன் இல்லை?

— ...கதவைச் சாத்திட்டு வா, சொல்றேன். என் வீட்டுக்காரிக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகி அஞ்சாம் நாள் இவன் போனான். அவ அதிர்ச்சியைத் தாங்க மாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டார். நான் மட்டும் வந்து எலும்பு பொறுக்கிட்டுத் திரும்பினேன். கலசம் கோயில்ல இருக்கு.

— இப்ப ஆகஸ்ட், ஐயா. அம்மாவுக்கு இன்னும் தெரியாதா?

— நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். அவன் போன் எங்கிட்டதான் இருக்கு. அதுலேர்ந்து, அவனே எழுதுற மாதிரி அவளுக்கு எழுதுறேன். தொண்டை புண்ணா இருக்கு, பேச முடியலை, ரெக்கார்டிங் இன்னும் முடியலை, ஆல்பம் வந்ததும் ஊருக்கு வரேன்னு. நல்லாத்தான் நம்புறா. உடனே பதிலும் போட்டுடுவா.

— நீங்களா எழுதுறீங்க?

— வேற யாரு? இப்ப புரியுதா? உங்க ஆல்பம் கடைக்கு வர்ற அன்னிக்கு அவ வாசல்ல நின்னு தெருவைப் பார்ப்பா. அன்னிக்கு நான் என்னன்னு எழுதட்டும்?

— ...தாளை மடிச்சு வச்சுடுறேன், ஐயா. கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். ஒத்துக்கலைன்னா வேற கம்பெனி பார்த்துக்கலாம். எவ்வளவு நாளானாலும் காத்திருக்கோம்.

— நீ நல்ல பொண்ணு. உன்னை முன்னாடியே வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லி அவன்கிட்டச் சொல்லியிருக்கணும்.

— மிஹாருதானேம்மா நீ? எழுந்திருக்காதே, உட்காரு. என் பிள்ளை அனுப்பின போட்டோவுல பார்த்ததைவிட இளைச்சுப் போயிட்டே.

— சயோகோ! நீ எதுக்குப் படுக்கையிலேர்ந்து எழுந்து வந்தே? இந்தப் பொண்ணு சும்மா... ரியோஹெய் நல்லா இருக்கான்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தா.

— நீங்க பேசினது உள்ளே கேட்டுச்சு. அந்தத் தாளைக் கொடும்மா. பெத்தவங்கன்னா நானும்தானே. எங்கே போடணும், இங்கேயா?

— சயோகோ, நான் வந்து... எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்...

— சொல்ல வேண்டாம். முதல் வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தையல் வலிக்குதா, சரியா தூங்குறியான்னு கேட்டு எழுதுற பிள்ளையா அவன்? கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல நீங்களும் கேட்டதில்லை. அவன் பேர்லயாவது எங்கிட்டப் பேசுறீங்களே, அது நின்னுடக் கூடாதுன்னுதான் நானும் பதில் போட்டுக்கிட்டே இருந்தேன்.