சாதாரணமே போதும்

அமாவாசைக்கு மேல்மலையனூர் கிளம்பும் முன் பிள்ளைகளுக்கு அம்மா பேரைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் செஞ்சிப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இன்ஸ்பெக்டர் மேடம். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் அந்தப் பேரைச் சொல்லித்தானே மைக்கில் கூப்பிடுவார்கள். சுவாதிக்கு நானும் சொல்லிக்கொடுத்தேன்.

என் பேர் சாமுண்டீஸ்வரி. தையல் கடை வைத்திருக்கிறேன். சுவாதி என் தங்கை ஜெயஸ்ரீ பெற்ற பெண். ஜெயஸ்ரீ நர்ஸ். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் புருஷனோடு போய்விட்டாள். பிள்ளைக்கும் சேர்த்து விசா எடுக்க அப்போது கையில் காசில்லை. தவழ்கிற குழந்தையை என் மடியில் போட்டு, "நாலு மாசம் பாத்துக்கக்கா, கூட்டிக்கிறோம்" என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லித்தான் என் புருஷன் என்னை விட்டுப் போனான்.

நாலு மாதம் வருஷத்தைத் தாண்டியது. சாதாரண வழியில் மனு போட்டால் எப்போது பார்ப்பார்களோ தெரியாது. கூடுதல் கட்டணம் கட்டினால் சீக்கிரம் பார்ப்பார்கள். அவள் அதைச் சேர்த்து முடிக்கிற நேரத்தில் அந்த நாட்டு அரசாங்கம் கட்டணத்தை ஏற்றிவிட்டது. ஏறின காசுக்காக லீவு நாளிலும் வேலைக்குப் போனாள். வீடியோவில் பார்த்தால் கண் குழிவிழுந்து கிடந்தது. பணத்தை எனக்கு அனுப்பி, "கவுன்டர்லயே கட்டணுமாம்க்கா, மறந்துடாத" என்றாள்.

நான் மறக்கவில்லை. சுவாதியைத் தூக்கிக்கொண்டு சென்னை விசா ஆபீசுக்குப் போனேன். "ஃபாஸ்ட்டா, சாதாரணமா?" என்று கேட்டாள் கவுன்டர் பெண். பிள்ளை என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சாதாரணமே போதும்மா" என்றேன்.

அந்தப் பணத்தில் ஒரு பைசா நான் தொடவில்லை. சுவாதிக்குக் காது குத்தித் தோடு போட்டேன். பெற்றவள் காசு பிள்ளை காதில்தான் இருக்கிறது. அப்புறம் ஏதோ சான்றிதழ் கேட்டார்கள். ஆடி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆடியில் யார் நல்ல காரியம் தொடங்குவார்கள்? "காசையும் ஏத்திட்டு இன்னும் இன்னாக்கா பண்றானுங்க?" என்று ஜெயஸ்ரீ போனில் அழுவாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்த அரசாங்கத்தைத் திட்டுவோம். நான்தான் அதிகம் திட்டினேன்.

ஒருநாள் சுவாதி சோறு தின்ன அடம்பிடித்தாள். போனில் வருகிறவள் பிள்ளை பிடிக்கிறவள், சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றேன். அதற்கப்புறம் போன் அடித்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள். நானும் அதை மாற்றிச் சொல்லவில்லை.

போன வாரம் ஜெயஸ்ரீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள், பிள்ளையைத் தானே கூட்டிப்போக. சுவாதி அவளைப் பார்த்து வீறிட்டாள். "மலையனூர் போய்ட்டு வரலாம், பயம் தெளிஞ்சிடும்" என்று நான்தான் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். நெரிசலில் கை நழுவிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். இல்லை, நானே விட்டேன். பிள்ளை யாரைத் தேடுகிறது என்று ஜெயஸ்ரீ கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டேன்.

ஜெயஸ்ரீதான் முதலில் பார்த்தாள். ஓடிப்போய் அள்ளிக்கொண்டாள். "புள்ள புடிக்கிறவ! புள்ள புடிக்கிறவ!" என்று சுவாதி கத்தினாள். ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என் புள்ளங்க, என் புள்ளங்க" என்று அடிக்கு நடுவிலும் ஜெயஸ்ரீ சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். யாரும் கேட்கவில்லை. நான் கூப்பிடு தூரத்தில்தான் நின்றேன். அவள்தான் தாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. அவள் குரல் அடங்கும்வரை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் இனி கண் திறக்கமாட்டாள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் கூடப்பிறந்தவள். எனக்கு மட்டும் வருத்தம் இருக்காதா?

ஆனால் அப்போதே மைக்கில் கூப்பிட்டார்கள். "சாமுண்டீஸ்வரி, எங்கிருந்தாலும் உடனே வரவும். உங்கள் மகள் சுவாதி இங்கே அழுதுகொண்டிருக்கிறாள்." அம்மன் சந்நிதியில், அத்தனை ஜனத்துக்கும் கேட்கச் சொன்னார்கள்.

பிள்ளை பொய் சொல்லுமா, மேடம்?