சன்னல் வெட்டிய அட்டை

பதிவறை எழுத்தர் திரு. ஞா. வேதமாணிக்கம் அவர்களுக்குப் பணிநிறைவு நாளில் அலுவலகத் தோழர்கள் வாசித்தளிக்கும் மடல்

பழுத்த தாள்களின் பாதுகாவலரே! முப்பத்தைந்து ஆண்டுகள் முகம் சுளிக்காத முன்னவரே! கேட்டவர்க்கு நகலும், கேளாத ஏடுகளுக்குக் கரையானிடமிருந்து காவலும் தந்த கனிவாளரே! வணக்கம்.

இந்த மடலில் சொல்லப்போவதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோமா என்று எங்களுக்கே ஐயம் உண்டு. அது செவ்வாய்க்கிழமை என்கிறார் தட்டச்சர் சாம்சுந்தர். வியாழன் என்கிறார் யோகேஸ்வரி. பங்குனி மாதம் என்பதில் இருவருக்கும் சம்மதம். யார் எதை முதலில் சொன்னது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. நாங்கள் உங்களைச் சந்தேகப்பட்டோம் என்பதில் மட்டும் யாருக்கும் மறதி இல்லை. அதை மறைத்துவிட்டு உங்கள் பண்புகளை மட்டும் அடுக்கினால், நாளை இந்த மடல் உங்கள் வீட்டுச் சுவரில் சட்டத்துக்குள் இருந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

பண்புகளும் சொல்லத்தான் வேண்டும். 1990இல் பணியில் சேர்ந்தீர்கள். பட்டாசு ஆலையில் விபத்து நடந்த மறுநாள், வயதுச் சான்றுக்காக வாசலில் நிற்கும் குடும்பத்தை ஒருபோதும் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியதில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால் நகல் அவர்கள் கையில் இருக்கும். ஓடு ஒழுகிய ஐப்பசியில் உங்கள் மழைக்கோட்டை ஏடுகளுக்குப் போர்த்திவிட்டு நனைந்தபடி சைக்கிளில் வீடு போனீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் உங்கள் கையால் ஓர் அட்டை வெட்டிக் கொடுத்தீர்கள். அந்த அட்டையில் சின்னதாக ஒரு சன்னல். அகலமான பழைய ஏட்டின் மீது வைத்தால் இறந்தவர் பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் தெரியும்.

"பேரத் தேடுறவுக பேர மட்டும் பாக்கணும். கண்ண அலையவிட்டா பொழுது போயிரும்" என்பீர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இளநிலை உதவியாளராக வந்த யோகேஸ்வரி அந்த அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டார். திருத்தங்கலிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். வாய் குறைவு, கண் அதிகம். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில், ஏட்டில் ஒரு பக்கத்தை மாற்றி ஒரு குடும்பத்தின் நிலத்தையே மாற்றிய ஒருவரை அவர் பார்த்திருந்தார். அந்த மனிதரும் எல்லோரிடமும் கனிவாகத்தான் பேசினாராம். அதனால் கனிவைக் கண்டாலே யோகேஸ்வரிக்கு உள்ளே ஏதோ ஒன்று விழித்துக்கொள்ளும்.

மதியம் எங்களோடு சாப்பிட உட்காரும் முன் நீங்கள் பதிவறைக் கதவைச் சாத்திக்கொள்வதை அவர் கவனித்தார்.

"மனுசன் சாப்பாட்டுக்கு முந்திக் கொஞ்சம் கண்ணசரக் கூடாதாம்மா?" என்றார் சாம்சுந்தர்.

"தூக்குவாளி இங்கன மேசையில இருக்கு சார். சாப்பிடாம உள்ள என்ன பண்றாக?"

அன்றிலிருந்து நாங்களும் கதவைப் பார்க்கத் தொடங்கினோம்.

பிறகு ஒருநாள் உங்கள் டைரியிலிருந்து ஒரு பழைய சீட்டு நழுவி விழுந்தது. அதில் கறுப்பு மையில் ஒரு பெருவிரல் ரேகை, அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கீற்று. யோகேஸ்வரி குனிந்து எடுப்பதற்குள் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

"என்ன சார் அது?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒன்றுமில்லாததற்கு இம்புட்டு வேகமா என்று யோகேஸ்வரி நினைத்தார். மறுநாள் நீங்கள் விடுப்பு. நீங்கள் எடுத்து வைத்திருந்த விஸ்வநத்தம் இறப்பு ஏட்டை அவர் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் பிடித்தார். அட்டை எதுவும் வைக்கவில்லை. ஏட்டின் கடைசிக் கட்டம், இறப்பைத் தெரிவித்தவர் ரேகை வைக்கும் இடம். அங்கே பக்கத்துக்குப் பக்கம் அதே விரல், அதே சாய்ந்த கீற்று. ரேகைக்கு மேலே எழுதிய பெயரோ ஒரு பக்கத்தில் பெத்தணன், இன்னொன்றில் பெத்தண்ணன், வேறொன்றில் பெத்தனன். தகப்பன் பெயர் ஓரிடத்தில் நாகையா, மற்ற இடங்களில் தனுஷ்கோடி.

"பேரு மாறுது, அப்பன் மாறுது, விரலு மட்டும் மாறல" என்று படங்களை எங்கள் முன் வைத்தார். "அந்த விரலு அவுக டைரிக்குள்ள இருக்கு. சிவகாசியில எந்த ரேகைக்கும் அச்சு பிளாக் செஞ்சு குடுக்க மாட்டாகளா?"

கொடுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்களை நம்பாதிருக்க அது போதுமானதாக இருந்தது. மதியம் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை ஒவ்வொருவராக நிறுத்தினோம். நீங்கள் காரணம் கேட்கவில்லை. அதையும் உங்களுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டோம்.

"பேரு போடாம மேல ஒரு மனு தட்டிவிட்டாப் போதும்மா" என்றார் கண்காணிப்பாளர் செல்வக்குமார். "மே மாசக் கடைசி நாளு ஆர்டர் வந்திரும்."

அந்த ஆர்டர் என்னவென்று அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஓய்வு பெறும் நாளில் பணியிடை நீக்கம். பிறகு ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை. விசாரணை முடியும்வரை ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியதுதான். தெரிந்தும் நாங்கள் வாய் திறக்கவில்லை. யோகேஸ்வரி மனுவை எழுதி முடித்தார். பக்க எண்கள் மட்டும் பாக்கி. அவற்றைக் குறித்துக்கொள்ளப் பதிவறைக்குள் போனார்.

நீங்கள் உள்ளே இருந்தீர்கள். மடியில் ஏடு, ஏட்டின் மேல் அட்டை, அட்டைச் சன்னலில் பூதக்கண்ணாடி.

"வாங்கம்மா. உங்க கண்ணு நல்ல கண்ணு. இந்தப் பேரு என்னன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெளிய மாட்டேங்கு."

"நீங்களே செஞ்சு வச்சத நான் வேற படிச்சுச் சொல்லணுமாக்கும்?" என்று யோகேஸ்வரி கைபேசியை ஏட்டின் மேல் வைத்தார். சத்தம் கேட்டு நாங்கள் வாசலில் கூடிவிட்டோம். "ஒரே விரலு சார். பக்கத்துக்குப் பக்கம். யாரு வச்சது?"

நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள். அடுத்த படத்தைப் பார்த்தீர்கள். பிறகு டைரியைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்துக் கைபேசியின் பக்கத்தில் வைத்தீர்கள்.

"இது எங்க தாத்தா" என்றீர்கள்.

அந்தச் சீட்டு, உங்கள் தந்தை ஞானதீபம் அவர்களை ஏழு வயதில் மிஷன் விடுதியில் சேர்த்தபோது எழுதியது. ஆண்டு 1941. தாயில்லாத பிள்ளை. சேர்த்துவிட்டு ரேகை வைத்த தகப்பன் நாரணாபுரத்துப் பெத்தணன், "தீபாவளிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவேயில்லை. விடுதியில் பிள்ளைக்குப் பெயர் மாறியது, வேதம் மாறியது. அவர் வளர்ந்து ஆசிரியராகி ஓய்வும் பெற்றார். விட்டுவிட்டு ஓடினவன் மகன் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. தொண்ணூற்றொரு வயதில் படுக்கையில் கிடந்துகொண்டு அவர் உங்களிடம் தினமும் கேட்டது ஒன்றுதான்: எங்கப்பா செத்தாரா, விட்டுட்டுப் போனாரா?

பதினொரு ஆண்டுகளாக நீங்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுத் தேடியது அதற்குத்தான். நாரணாபுரத்து ஏடுகள் முடிந்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வந்திருந்தீர்கள். மே மாதத்தோடு இந்த அறைச் சாவி உங்கள் கையை விட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு தந்தையின் கேள்விக்குப் பதில் தேட வழி இருக்காது.

நீங்கள் ஏட்டின் மேலிருந்து அட்டையை எடுத்தீர்கள். முழுப் பக்கமும் தெரிந்தது.

"செத்தவுக பேருலயே தேடிட்டேன் தாயி. சாவச் சொல்ல வந்தவுக பக்கம் பாக்கவே இல்ல."

அந்தக் காலத்தில் ஊரில் யார் இறந்தாலும் கணக்குப்பிள்ளையிடம் வந்து சொல்லி ரேகை வைப்பது தலையாரியின் வேலை. பெத்தணன் விஸ்வநத்தத்தில் தலையாரியாக இருந்திருக்கிறார். தகப்பன் வழியில் வரும் வேலை என்பதால், பெற்ற தகப்பன் நாகையாவை விட்டுவிட்டு, முந்தைய தலையாரி தனுஷ்கோடியின் மகன் என்றே ஏட்டில் ஏற்றிவிட்டார்கள். எழுதியவர் மாற மாற எழுத்தும் மாறியது. வைத்த விரல் ஒன்றுதான்.

அன்று அலுவலகத்தில் வேறு வேலை நடக்கவில்லை. செல்வக்குமார் பக்கம் புரட்ட, நாங்கள் சுற்றி நின்றோம். 1941 செப்டம்பரில் வாந்திபேதி. ஒரு வாரத்தில் ஒன்பது சாவு. ஒன்பதுக்கும் அதே ரேகை. கடைசி ரேகை அக்டோபர் 7. அதற்கு அடுத்த வரி சனவரியில் தொடங்குகிறது. புதிய தலையாரி செல்லப்பாண்டி, புதிய விரல்.

"இம்புட்டுப் பேதியில மூணு மாசம் ஊருல யாருமே சாகலயா சார்?" என்றார் யோகேஸ்வரி.

"செத்திருப்பாகம்மா. சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல."

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தோம். அன்று மாலை நீங்கள் மட்டும் வீட்டுக்குப் போயிருந்தால் அது முடிந்திருக்காது. யோகேஸ்வரியும் உடன் வந்தார், கைபேசி அவருடையது. உங்கள் தந்தையிடம் படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு உங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, என் மனசு ஆறட்டும்னு நீயாச் செஞ்சு கொண்டாந்தியா? ஏடு பூரா ஒன் கையிலதானலே இருக்கு."

பதினொரு வருடத் தேடலின் முடிவில் பெற்ற தகப்பனும் நம்பவில்லை. அப்போது யோகேஸ்வரி கட்டிலருகே போய்க் கைப்பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார்.

"இல்லங்கையா. இதக் கண்டுபிடிச்சது அவுக இல்ல. அவுக திருட்டுத்தனம் பண்றாகன்னு பிடிச்சுக் குடுக்கத்தான் நான் போட்டோ எடுத்தேன். இந்தாங்க மனு. படிச்சுப் பாருங்க."

ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு மனுவை முழுவதும் படித்தார். நடுவே நிறுத்தி, "முறைகேடுன்னு எழுதணும்மா, முறையீடுன்னு எழுதிருக்கீக" என்று திருத்தினார். முடித்ததும் காகிதத்தை மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப வரமாட்டேன்னு இருந்துரல" என்றார். "வர முடியாமப் போயிருக்காரு."

பிறகு அந்தக் கைபேசிப் படத்தின் மேல் தன் பெருவிரலை வைத்தார். படம் நகர்ந்து நகர்ந்து போனது. யோகேஸ்வரி அதை ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

அன்பிற்குரியவரே! உங்களை நம்பியவர்கள் யாரும் அந்த ஏட்டைத் திறந்து பார்க்கவில்லை. நம்பாத ஒருவர் திறந்தார். இதை எங்கள் பெருமையாகச் சொல்லவில்லை. தடுக்காமல் நின்ற எங்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. மறுநாள் வழக்கம்போல் தூக்குவாளியைத் திறந்து, "வாங்க, சாப்பிடலாம்" என்று எங்களைக் கூப்பிட்டீர்களே, அதற்கு ஈடாக வைக்க எங்களிடம் எந்த அடைமொழியும் இல்லை.

திரு. ஞானதீபம் ஏப்ரல் 19 அன்று வீட்டில் இறந்தார். பெத்தணன் மகன் என்று கல்லறையில் எழுதியிருக்கிறது. அவருடைய இறப்பைத் தெரிவித்தவர், மகன் வேதமாணிக்கம். பெத்தணனின் இறப்பு எந்த ஏட்டிலும் இல்லை. இனி எழுதக் கேட்கப் போவதுமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். மனு ஆசிரியரின் தலையணைக்குக் கீழே இருந்தது. அதை அவரோடு வைத்து அடக்கம் செய்தீர்கள். செல்வக்குமார் விருதுநகருக்கு மாறுதலாகிப் போகிறார். சாம்சுந்தர் இந்த மடலைத் தட்டச்சு செய்தார். பதிவறைச் சாவியை நாளை முதல் யோகேஸ்வரி வைத்திருப்பார். கதவைத் திறந்து வைத்தே வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அட்டைகளை எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இனி மதியத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, சாய்ந்து உறங்கி, நோயின்றி, யாரையும் தேட வேண்டிய வேலையின்றி நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இவண்,
உங்களைச் சந்தேகப்பட்டவர்களும் உங்களோடு சாப்பிட்டவர்களுமான
அலுவலகத் தோழர்கள்
30.5.2025