கருந்துளையின் மிச்சத்தைக் கணக்கிட்டவருக்கு

காலை எட்டே காலுக்கே கரும்பலகையில் கணக்கைத் தொடங்கிவிடும் கோட்பாட்டு இயற்பியல் துறையின் மூத்தவரே! முடிவிலியைக் கண்டால் முகம் சுளிப்பவரே! பணி நிறைவு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

கருந்துளை மெல்ல மெல்ல ஆவியாகி, இறுதியில் ஒன்றுமே மிஞ்சாது என்பது பழைய கணக்கு. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளுக்கு உட்படுத்தினால், அணுவைவிடப் பன்மடங்கு சிறிதான பிறகு ஆவியாதல் நின்று, ஒரு மிச்சம் தங்கும் என்று கணக்கிட்டீர்கள். நாங்கள் கைதட்டினோம். உங்கள் எதிர் அறைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவரும் அதே கணக்கில்தான் இருந்தார். நீங்கள் முந்திவிட்டீர்கள். வயிறு எரிந்தது, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது. உங்களுக்கு வரும் கருத்தரங்க அழைப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால், தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவார். உங்கள் கட்டுரையில் ஒரு பிழையாவது பிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தார். மழைக்காலம் முழுதும் உட்கார்ந்தார். பிடித்தும்விட்டார்: ஓரிடத்தில் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தீர்கள்.

அன்று அவர் கதவைக்கூடத் தட்டாமல் உங்கள் அறைக்குள் நுழைந்தார்.

"அக்கா, உங்க மிச்சம் காலி!"

தாளைப் பார்த்தீர்கள். முகம் வாடவில்லை.

"ஆமாப்பா, தப்புதான். சரி, கழிச்சுப் போட்டா என்ன வருது?"

அதை அவர் பார்த்திருக்கவில்லை. பிழை கிடைத்த பூரிப்பில் மேற்கொண்டு கணக்கைப் போடவே இல்லை. உங்கள் பலகையிலேயே நின்று போட்டார். மிச்சம் முன்னைவிட உறுதியாக நின்றது. திருத்திய கட்டுரையில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். அந்த நன்றிதான் அவருக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

கருந்துளை விழுங்கிய தகவலெல்லாம் அந்த மிச்சத்துக்குள் பத்திரமாக இருக்குமா? இந்தக் கணக்கு மட்டும் பாதியில் நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளரிடம் அதை ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று பேச்சு. கேட்டதிலிருந்து எதிர் அறைக்காரர் நிலைகொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் கூட்டல் கழித்தலே தகராறு" என்கிறார். அவள் கெட்டிக்காரி என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நலம் குன்றாமல், நினைவு மங்காமல், நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். துறையினர் அனைவரும் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம். எதிர் அறைக்காரர் மட்டும் இடவில்லை. மடலை வாசித்துக் காட்டியபோது மறுப்புச் சொல்லாமல் கடைசிவரை கேட்டார். தம் பெயருக்கான இடத்தில் இதை எழுதச் சொன்னார்:

"அக்கா, அந்தப் பாதிக் கணக்கை எனக்குத் தரக் கூடாதா?"