தாளில் ‘தயார்’ என்றுதான் இருந்தது

அட்டவணை வாசிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை சார். அடிக்குறிப்பைப் படிக்கிற பொறுமை இருந்தால் போதும். எங்கள் சிப் தொழிற்சாலையில் அந்தப் பொறுமை எனக்கு மட்டும்தான் இருந்தது. அதனால்தான் பதினோரு வருடமாக, அட்டவணையை மற்ற பிரிவுகளுக்கு விளக்கிச் சொல்லும் வேலையில் இருந்தேன்.

தாளில் ‘உற்பத்தி தொடக்கம், மார்ச்’ என்று இருக்கும். விற்பனைப் பிரிவு உடனே மார்ச்சில் சரக்கு கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடும். தொடக்கம் என்றால் முதல் சிலிக்கான் தகடு இயந்திரத்துக்குள் நுழைகிறது, அவ்வளவுதான். எழுநூறு செய்முறைப் படி தாண்டி அது வெளியே வர மூன்று மாதம் ஆகும். புதிய செய்முறை என்றால் வருவதில் பாதி குப்பைக்குத்தான் போகும். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு மறுநாள் அதையே கேட்பார்கள். எனக்கு ‘முட்டுக்கட்டை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போன மாதம், இந்தப் புதிய செய்முறைக்கான கூட்டத்தில், இயக்குநர் சொன்னார்: “முட்டுக்கட்டை சார், இனிமே விளக்கவுரை வேண்டாம். தாள்ல இருக்கறதை வாசிங்க, போதும்.” எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பராமரிப்புப் பொறியாளர் பெண்ணும் சிரித்தாள் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை. அவள் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

அவள் ஒருத்திதான் எந்த இயந்திரத்தைத் தொடுமுன்னும் என் மேசைக்கு வருவாள். “அண்ணா, இதுக்கு நிஜமான அர்த்தம் என்ன?” என்பாள். நான் சொல்வதைக் கையடக்க நோட்டில் எழுதிக்கொள்வாள். கெட்டிக்காரி.

அட்டவணையில் வியாழக்கிழமைக் கட்டத்தில், ஒன்பதாம் இயந்திரத்துக்கு நேராக, ‘தயார்’ என்று இருந்தது. செய்முறைப் பிரிவின் பாஷையில் அதற்கு, சோதனைக்காக விஷவாயுவைக் குழாயில் ஏற்றியாகிவிட்டது என்று அர்த்தம். கசிவு காட்டும் கருவியைச் சனிக்கிழமைதான் பொருத்துவார்கள். அதுவரை யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. இது அடிக்குறிப்பில் இருந்தது. அடிக்குறிப்புத் தாள் எனக்கு மட்டும்தான் வரும்.

வெள்ளி காலை பத்தேகாலுக்கு அவள் வந்தாள்.

“ஒன்பதாம் நம்பர் தயார்னு போட்டிருக்கு அண்ணா. மூடியைத் திறக்கலாமா?”

“தாள்ல தயார்னுதான் இருக்கு.”

அவள் போகவில்லை. “தாள் கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

அந்த இடத்தில் நான் யோசித்தேன் சார், மறைக்கவில்லை. வேறு யாராவது போய் ஏதாவது ஆனால், படிக்கத் தெரியாதவன் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள். கேட்டுக் கேட்டுச் செய்கிற இவளுக்கே ஆனால், என் வாயை அடைத்ததுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டுதானே ஆகவேண்டும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

“திறம்மா” என்றேன்.

“சரிண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனாள். உதவியாளர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போவாள் என்று எனக்குத் தெரியும். தனியாக மூடியைத் தூக்க முடியாது. அவருக்கு மூன்று பிள்ளைகள் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது தொழிற்சாலையில் எல்லோருக்கும் அடிக்குறிப்புத் தாள் போகிறதாம். நல்லது.

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் பெருந்தன்மை. ஆனால் என் மேசையிலிருந்து அவள் ஒன்பதாம் இயந்திரம் இருக்கும் கட்டடத்துக்கு நடந்து, முழு அங்கி மாட்டி, தூசியை ஊதித் தள்ளும் காற்றறையைத் தாண்டி உள்ளே போக இருபது நிமிடம் பிடிக்கும். தொலைபேசி என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கி மாட்டும் அறையின் எண் எனக்கு மனப்பாடம். இருபது நிமிடமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.