நாற்காலி இல்லாத இடத்தில்

கிள்ளான் போகும் ரயிலில் என் எதிரே வயதான இரண்டு பெண்கள். இளையவர் சலிப்போடு சொன்னார்:

"நாற்காலிய எங்க போட்டாலும், எங்க வீட்டுக்காரரு வேற இடத்துலதான் விழுறாருக்கா."

"நாற்காலி எதுக்கு?"

"விழுந்தா தவழ்ந்து போயி, அதைப் பிடிச்சு எழுந்திரிக்கணுமாம். பிசியோவுல சொல்லிக் கொடுத்தாங்க. அவரை என்னால தூக்க முடியாதுலா."

"பக்கத்து வீட்டுல கூப்பிடேன்."

"மூணு தடவை வந்தாங்க. இப்ப கூப்பிட்டா காதுல விழாத மாதிரி இருக்காங்க. நேத்து நானே தரையில உக்காந்து, தவழ்ந்து காட்டினேன். எழுந்துட்டாரு."

"அப்பாடா!"

"என்னாலதான் எழுந்திரிக்க முடியல. அவரு நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'வா'ன்னு கைய நீட்டினாரு. அந்தக் கையப் பிடிக்கப் பயமா இருந்துச்சுக்கா."