நிங்கோவுக்குப் போன வண்டிகள்

காலையில் சூடான கென்கே என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் வயிற்றில் விழாமல் எனக்கு வேலை ஓடாது. கானாவின் அக்ராவில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே வேன் நிலையம். அங்கேதான் அஜெலே விற்றாள். கென்கேயின் சோள மடலை அவிழ்த்து, மிளகாய் அரைப்பைத் தாராளமாக வைப்பாள். வருடக்கணக்கில் அவள் கையால் சாப்பிட்டவன் நான். ஆகவே அவள்மீது எனக்குப் பகை என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

வண்டிப் புகைக்கு அரசு ஒரு வரம்பு வைக்கவிருந்தது. அதற்கு மாதிரியாக அந்த நிலையத்துக் காற்றை அளப்பது என் பொறுப்பு. காற்று மோசம் என்றால் வரம்பு இறுகும், பழைய வேன்கள் ஓட முடியாது. பரவாயில்லை என்றால் தளரும். என் தம்பி ஒக்போட்டியிடம் இரண்டு பழைய வேன்கள் உண்டு. அதை நீங்கள் பெரிதுபடுத்துவீர்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த மாதிரி வண்டிகளில்தான் பிழைப்பு.

எங்கள் ஓட்டுநர்கள் ஆள் நிரம்பும்வரை எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அந்தப் புகையெல்லாம் அஜெலே உட்காரும் பக்கம்தான் போகும். இருமிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"சார், டாக்டரு இந்த எடத்த விட்டுப் போங்கறாரு. உங்க மெஷினு என்ன சொல்லுது? மார்க்கெட் பக்கம் ஒரு எடம் இருக்கு, போயிரட்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அடுப்புப் புகையா இருக்கும். இங்கயே இரு."

"படிச்சவரு நீங்க சொன்னா சரிதான். நான் போயிட்டா உங்க வயித்த யாரு பாக்கறது?" என்று சிரித்து, இன்னொரு மீனையும் வைத்தாள்.

அதற்கு முந்தைய வாரமே அளந்து பார்த்திருந்தேன். கருவி காட்டியதை அவளிடம் சொன்னால் நிலையம் முழுக்கப் பரவிவிடும். கருவி பழுது என்று அந்த அளவைத் தள்ளிவைத்தேன். மீன் நன்றாக இருந்தது.

மழைக்காலம் முடியுமுன் அவள் இறந்துபோனாள். மூச்சு விட முடியவில்லையாம். எனக்கு வருத்தம்தான், சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி உடல் வாரக்கணக்கில் பிணவறையில் காத்திருந்தது. பிறகு அடக்கத்துக்கு நாள் குறித்து, அவள் படம் போட்ட சுவரொட்டியை நிலையச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். சனிக்கிழமை, அவள் பிறந்த நிங்கோவில். அதன் முன்னால் நின்று தேதியைப் படித்தேன். மறு அளவுக்கு அந்தத் தேதியையே அலுவலகத்தில் கொடுத்தேன்.

அன்று காலை ஒக்போட்டி துக்கத்துக்கான கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு வந்தான்.

"எல்லா வண்டியும் கெளம்புது. நீ வரலியாண்ணே? அவ கையால கொஞ்சமாவா தின்ன?"

"வேலை இருக்குடா."

"சாவு நாள்லகூட ஒனக்கு வேலை. நல்ல மனுஷன்."

நிலையத்தில் ஒரு வேன்கூட மிச்சமில்லை. அவள் உட்காரும் இடத்திலேயே கருவியை வைத்தேன். கடற்காற்று தாராளமாக வந்தது. அந்த அளவைக் கொண்டுதான் வரம்பு போட்டார்கள். ஒக்போட்டியின் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

பொய் அளவு என்கிறீர்கள். கருவி காட்டியதற்குமேல் ஒரு புள்ளிகூட நான் சேர்க்கவில்லை, குறைக்கவுமில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் அஜெலே ஒருமுறைகூட இருமியிருக்க மாட்டாள்.