பூட்டிய கதவை மறுபடியும் தட்டியவருக்கு

“எங்க வீட்டுக்கு வராமயே எங்களப் பத்தி எப்படிக் கணக்கெடுப்பீங்க?”

மாடிப்படியில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி இப்படிக் கேட்டபோது, கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு அவளருகே அதே படியில் அமர்ந்தவரே, எண்ணை மட்டுமல்லாமல் எண்ணப்படுவோரையும் மதித்த எங்கள் புள்ளியியல் அலுவலர் அம்மையீரே, முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் உழைத்து ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

தொழிலாளர் குடியிருப்பில் நூற்றுக்கு எத்தனை குழந்தைகள் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று கண்டறியும் பணி அது. எண்பதைத் தாண்டிவிட்டால் வாராவாரம் வரும் தடுப்பூசி வண்டி நின்றுவிடும்.

“நூறு வீடு பார்த்தாப் போதாதா?” என்றார் மேலாளர்.

“பத்து முன்னே பின்னே போனாப் பரவாயில்லன்னா போதும் சார். வண்டிய நிறுத்துற விஷயத்துல அஞ்சுக்கு மேல தவற எனக்கு மனசு வரல.”

விடை தெரியாத இடத்தில் பாதிப் பேர் போட்டிருப்பார்கள், பாதிப் பேர் போட்டிருக்க மாட்டார்கள் என்று வைத்து, அதிகபட்ச வீடுகளைக் கணக்கிடுவதே பணிவு என்றீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை பிழை ஐந்துக்குள் அடங்க, முந்நூற்று எண்பத்தைந்து வீடுகள் வேண்டும் என்று எழுதிக் காட்டினீர்கள்.

“இதவிடப் பத்து மடங்கு பெரிய ஊருன்னா?”

“அப்பவும் கிட்டத்தட்ட இதேதான் சார். ஆனா பிழையப் பாதியாக்கணும்னா நாலு மடங்கு நடக்கணும்.”

குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து நடந்தோம். நூற்றுக்கு எண்பத்து மூன்று என்று விடை வந்தது. வண்டியை நிறுத்தும் கடிதமும் தயாரானது. அந்த நேரத்தில்தான் சிறுமியின் கேள்வி. அவள் வீடு குலுக்கலில் வந்த வீடு. “ஒரு அண்ணன் வந்தாங்க. பூட்டியிருக்குன்னு பக்கத்து வீட்டுல எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க” என்றாள்.

அப்படி மாற்றி எழுதிய வீடுகள் அறுபத்திரண்டு. தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகள். ஊசிக்கு அழைத்துப் போக ஆளில்லாத வீடுகள். விடிந்ததும் விடியாததுமாக அத்தனை கதவுகளையும் நீங்களே முன்னின்று தட்டினீர்கள். விடை எழுபத்து நான்காக இறங்கியது. வண்டி நிற்கவில்லை.

“யாரோட தப்பு இது?” என்று மேலாளர் கேட்டார்.

“வீட்ட மாத்தக் கூடாதுங்கிற விதிய விளங்கச் சொல்லாதது என் தப்பு சார்” என்றீர்கள். எழுதியவர் எங்களுள் ஒருவர். அவர் பெயர் உங்கள் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை.

அன்றுமுதல் பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போவது நம் அலுவலக விதி. ‘இன்னொரு தடவை அம்மா’ என்று உங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும், பொறுத்தருள்க.

இறைவன் உங்களுக்கு நோயற்ற நெடுவாழ்வும், வலியில்லாத முழங்கால்களும் தருவானாக.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். உங்கள் கடைசிக் கணக்கெடுப்பில் மூன்று முறையும் திறக்காத வீடுகள் ஒன்பது. நேற்று மாலை உங்கள் மேசைமீது அவற்றில் எட்டு வீடுகளின் படிவங்கள் நிரப்பப்பட்டுக் கிடந்தன. நான்காம் முறை போனது யார் என்று தேடினோம். நீங்கள் அன்று சொல்லாமல் விட்ட பெயர் போல, கணக்கெடுப்பாளர் பெயர் எழுத வேண்டிய கட்டம் எட்டிலும் வெறுமையாக இருந்தது.

இங்ஙனம்,
உங்களோடு படியேறி இறங்கிய அலுவலகத்தார்